நூலும் திரையும்: காவியக் கற்பனைக் கதைகள் குறித்து எங்கள் வாசிப்பு வட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரணைமடுக் குளத்து வாய்க்கால் ஓடும் ஊர் ஒன்றின் சனசமூக நிலையத்தில் மாதத்துக்கு இரண்டு சனிக்கிழமைகள் நாங்கள் கூடுகிறோம். ஒரு சனிக்கிழமை நூலைப் பேசுவோம். மறு சனிக்கிழமை அந்த நூலிலிருந்து எடுத்த திரைப்படத்தைப் பார்ப்போம். வருபவர்களில் பெரும்பாலானோர் சாதாரண தர, உயர்தர மாணவர்கள். அவர்களோடு சில தாய்மாரும் ஓய்வுபெற்ற தபாற்காரர் ஒருவரும் வருவார்கள். நான் நீண்ட காலம் தமிழ் படிப்பித்தவள். புதிதாக வருகிறவர்கள் ஏறத்தாழ ஒரே கேள்விகளையே கேட்பதனால், இதுவரை வாயால் சொல்லிவந்த மறுமொழிகளை இங்கே எழுதி வைக்கிறேன். கதைகளின் முடிவுகளும் ஒளிக்காமல் பேசப்பட்டிருக்கின்றன. வாசித்து முடிக்காதவர்கள் அதை அறிந்துகொண்டு மேலே செல்லவும்.

காவியக் கற்பனை நாவல் என்று எதைச் சொல்கிறீர்கள்? பொன்னியின் செல்வன் அதில் அடங்குமா?

தனக்கென ஒரு நிலப்படம், ஒரு பழங்கதை, சில மொழிகள், சில குலங்கள் என்று முழுமையாக உருவாக்கப்பட்ட உலகில், ஒருவருடைய வாழ்வைத் தாண்டி அந்த உலகத்தின் விதியே தீர்மானிக்கப்படுகின்ற நீண்ட கதையை அப்படி அழைக்கிறோம். 1954இலும் 1955இலும் மூன்று பாகங்களாக வெளிவந்த டோல்கீனின் 'லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்' இந்த வகைக்கு அளவுகோலாகிவிட்டது. பின்னால் வந்தவர்கள் அதைப் பின்பற்றினார்கள், இல்லையேல் அதனோடு சண்டை பிடித்தார்கள்.

கல்கியின் பொன்னியின் செல்வன் வரலாற்று நாவல். அதில் மந்திரமும் மாயமும் கதையை நடத்துவதில்லை. ஆனாலும் 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்து ஐந்து பாகங்களாக விரிந்த அந்தக் கதையைப் படமாக்கும்போது எழுந்த சிக்கல்கள் எல்லாம் டோல்கீனைப் படமாக்கியவர்களுக்கும் இருந்தவையே. அதனால் வகைப்பாட்டில் கொஞ்சம் கண்ணை மூடிக்கொண்டு அதையும் சேர்த்துக்கொள்கிறோம்.

முதலில் வாசிக்க வேண்டுமா, பார்க்க வேண்டுமா?

தமிழில் எழுதப்பட்டதாயின் முதலில் வாசியுங்கள். படத்தை முதலில் பார்த்தால் வந்தியத்தேவனுக்கு ஒரு நடிகரின் முகம் ஒட்டிக்கொள்ளும். பிறகு கழற்ற முடியாது. ஆங்கில நூலாயின் நான் அவ்வளவு கண்டிப்பாக இருப்பதில்லை. எங்கள் மாணவர் பலர் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் ஆங்கிலம் வாசிக்கிறார்கள். ஆர் ஆருடைய மகன், எந்த ஊர் எந்தத் திசையில் என்பதைப் படம் முன்பே சொல்லிக்கொடுத்துவிட்டால், நூலில் அவர்கள் வழிதவறுவது குறைகிறது. படம் பார்த்துவிட்டு நூலுக்கு வருவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

படமெடுப்பவர்கள் ஏன் இவ்வளவு வெட்டுகிறார்கள்?

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நூலின் ஒரு பக்கத்தைச் சத்தமாக வாசிக்க இரண்டு நிமிடமாவது வேண்டும். 'லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்' ஆயிரம் பக்கத்துக்கு மேற்பட்டது. ஆகவே அதை வாசித்து முடிக்கவே முப்பது மணித்தியாலத்துக்கு மேல் செல்லும். பீற்றர் ஜாக்சன் 2001, 2002, 2003ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட மூன்று படங்களும் திரையரங்கில் ஓடிய அளவில் ஏறத்தாழ ஒன்பதேகால் மணித்தியாலம். பின்னர் வந்த நீட்டிய பதிப்புகளைச் சேர்த்தாலும் பதினொரு மணித்தியாலத்தைச் சற்றுத் தாண்டுகிறது. சாக்கில் இருப்பதைச் சுண்டில் அளந்து போடுகிற வேலைதான் இது. சிந்துவது சிந்தத்தான் செய்யும்.

நேரம் ஒரு காரணம் மட்டுமே. நூல் ஒரு மனிதரின் மனதுக்குள் புகுந்து இரண்டு பக்கம் இருந்துவிட்டு வரலாம். திரையில் அந்த இரண்டு பக்கத்தையும் ஒரு முகம், ஒரு குரல், ஒரு வெளிச்சம், ஒரு பாட்டு ஆகியவற்றுள் ஏதாவது ஒன்றுதான் சுமக்க வேண்டும்.

இதனால் எங்கள் வட்டத்தில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். எந்தக் காட்சி வெட்டப்பட்டது என்று பட்டியல் போடுவதை முதல் பத்து நிமிடத்தோடு நிறுத்திவிடுவோம். அதன்பின் கேட்பது ஒரேயொரு கேள்வி: வெட்டப்பட்ட காட்சி நூலில் என்ன வேலை செய்தது, அந்த வேலையைப் படத்தில் இப்போது யார் செய்கிறார்கள்? வேறொருவர் செய்கிறார் என்றால் வெட்டு நல்ல வெட்டு. ஒருவரும் செய்யவில்லை என்றால் அங்கே ஓட்டை இருக்கிறது. கீழே வரும் மறுமொழிகளில் பெரும்பாலானவை இந்தக் கேள்வியிலிருந்தே வந்தவை.

டொம் பொம்படிலை விட்டது பெரிய குறை என்கிறார்களே?

பொம்படில் என்பவர் காட்டின் விளிம்பில் பாட்டுப் பாடிக்கொண்டு வாழ்கின்ற ஒரு புதிரான மனிதர். கதை முழுவதும் சுற்றிவருகிற, வைத்திருப்பவரைக் கெடுக்கும் மந்திர மோதிரம் அவரை ஒன்றும் செய்வதில்லை. அவரும் மோதிரத்தைப் பொருட்படுத்துவதில்லை. அவருடைய அத்தியாயங்கள் படத்தில் முழுவதுமாக இல்லை. அவரை நேசிக்கிற வாசகர்கள் கோபப்படுவது எனக்கு விளங்குகிறது. ஆனாலும் ஒரு பேராபத்திலிருந்து தப்பி ஓடுகிற நாலுபேரின் கதையை நடுவில் நிறுத்தி, எந்த ஆபத்தும் தொடாத ஒருவரின் வீட்டில் விருந்துக்கு உட்கார வைத்தால் திரையில் அச்சம் வடிந்துபோகும். அவரை விட்டது சரியென்றே நான் நினைக்கிறேன்.

எனக்குக் குறையாகப் படுவது அவரோடு சேர்ந்து போன ஒரு சிறு பொருள். பொம்படில் அந்த நாலு ஹொபிற்றுகளையும் (கதையின் நாயகர்களான குள்ள இனத்தவர்) ஒரு பழைய புதைமேட்டிலிருந்து மீட்டு, அங்கே கிடந்த பழங்காலத்துக் குறுவாள்களை ஆளுக்கொன்றாகக் கொடுக்கிறார். அவை பகைவனின் படைத்தலைவனான சூனிய அரசனோடு போரிட்ட ஒரு பழைய இராச்சியத்தின் கொல்லர்கள், அவனை மனதில் வைத்தே வடித்த வாள்கள். மூன்றாம் பாகத்தில் மெரி என்னும் சிறியவன் அதே அரசனைப் பின்னாலிருந்து குத்தும்போது, அவனைக் காத்துநின்ற மந்திரக்கட்டு அறுபடுவது அந்த வாளினால்தான். எத்தனையோ நூற்றாண்டுக்கு முன் தோற்றுப்போன ஒரு நாட்டின் கொல்லன் அன்று பட்ட பாடு, அவன் பெயர்கூட அறியாத ஒருவனின் கையால் பலித்துவிடுகிறது. படத்தில் வாள்களை, அவர்களுக்கு வழிகாட்டிவரும் அரகோர்ன் ஒரு மலையில் சும்மா எடுத்துக் கொடுக்கிறார். மெரி குத்துகிறான், அரசன் சாய்கிறான். ஏன் இந்தக் குத்து வேலை செய்தது என்று கேட்டால் படத்தில் மறுமொழி இல்லை. வேலை அங்கே அந்தரத்தில் நிற்கிறது.

கதைமாந்தர் ஊர் திரும்பும் அத்தியாயத்தைப் படத்தில் காணவில்லையே, ஏன்?

எங்கள் வட்டத்தில் மிக நீண்ட நேரம் பேசப்பட்ட கேள்வி இதுதான்.

நூலில், போர் முடிந்து நாலு ஹொபிற்றுகளும் தங்கள் ஊரான ஷயருக்குத் திரும்பும்போது ஊர் அவர்கள் விட்டுப்போன ஊராக இல்லை. வாசலில் படலை போட்டுக் காவல் வைத்திருக்கிறார்கள். வழிநெடுக மரங்கள் தறிக்கப்பட்டிருக்கின்றன. ஊரார் கூடிக் கொண்டாடிய பெருமரமும் விழுந்து கிடக்கிறது. பழைய ஆலை இருந்த இடத்தில் புகை கக்கும் ஒன்று எழுந்து ஆற்றை அழுக்காக்குகிறது. எதற்கெடுத்தாலும் சட்டம், சேர்த்து வைத்ததை யாரோ கணக்கெழுதி எடுத்துப் போகிறார்கள். தோற்றுத் துரத்தப்பட்ட சருமன் என்னும் கெட்ட மந்திரவாதி வேறொரு பெயரில் அங்கே வந்து இதையெல்லாம் நடத்திக்கொண்டிருக்கிறான். ஊரை ஊரவர்களே மீட்க வேண்டியிருக்கிறது.

படத்தில் இவ்வளவும் இல்லை. ஊர் பச்சைப்பசேலென்று அப்படியே இருக்கிறது. நாலுபேரும் தவறணையில் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஒருவரையொருவர் பார்த்து, பேசாமல் குடிக்கிறார்கள். சுற்றியிருப்பவர்களுக்கு எதுவும் தெரியாது. உலகம் காப்பாற்றப்பட்டதை அறியாத ஊரில், அதற்காகப் பட்டதைச் சொல்ல முடியாமல் உட்கார்ந்திருக்கிறவர்களின் தனிமையை அந்த ஒரு நிமிடம் காட்டிவிடுகிறது. நல்ல காட்சி என்பதை நான் மறுக்க மாட்டேன். மோதிரம் அழிந்த பின்பு இன்னுமொரு போரைக் காட்டினால் பார்வையாளர் பொறுக்க மாட்டார்கள் என்கிற கணக்கும் நியாயமானதே. இருக்கிற முடிவுகளே கூடிப்போய்விட்டன என்று அந்த மூன்றாம் படத்தைக் குறைசொன்னவர்கள் பலர்.

ஆனால் இங்கே உட்கார்ந்து வாசிக்கும்போது கணக்கு மாறிவிடுகிறது. 2009இன் பின் முகாமிலிருந்து மீள்குடியேற வந்தவர்களுக்கு, வளவு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியாமல் நின்ற முதல் நாள் மறக்காது. தலையில்லாத பனைகளும், கூரையில்லாத சுவர்களும், தூர்ந்துபோன கிணறும் இருந்த இடத்தில் ஒரு தறப்பாளைக் கட்டிக்கொண்டு வாழத் தொடங்கியவர்களே எங்கள் வட்டத்துத் தாய்மார். அவர்களுக்கு ஒரு தமிழ்ச் சுருக்கம் எழுதிக்கொடுத்து இந்த அத்தியாயத்தைப் பேசினோம். மோதிரம், எரிமலை, பூதம் எதிலும் பெரிய ஆர்வம் காட்டாத ஒருவர், மரங்களைத் தறித்திருந்தார்கள் என்ற இடத்தில் நிமிர்ந்து, "எந்த மரம்?" என்று கேட்டார். எந்த மரம் என்று கேட்கத் தெரிந்த வாசகருக்காகத்தான் டோல்கீன் அந்த அத்தியாயத்தை எழுதியிருக்க வேண்டும்.

இதோடு சேர்ந்த இன்னொரு மாற்றத்தையும் கவனியுங்கள். நூலில் கலாட்ரியேல் என்னும் அரசி ஒவ்வொருவருக்கும் ஒரு பரிசு கொடுக்கும்போது, தோட்டக்காரனான சாமுக்கு ஒரு சிறு மரப்பெட்டி கொடுக்கிறாள். அதற்குள் அவளுடைய தோட்டத்து மண்ணும் ஒரேயொரு விதையும் இருக்கின்றன. அந்தப் பகுதியை வாசித்தபோது பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன், "ரீச்சர், சண்டைக்குப் போறவனுக்கு மண்ணை ஏன் குடுக்கிறா?" என்று கேட்டான். மறுமொழி ஆயிரம் பக்கத்தின் கடைசியில் வருகிறது. தறித்த மரங்கள் நின்ற இடமெல்லாம் சாம் கன்றுகளை நட்டு, ஒவ்வொன்றின் அடியிலும் அந்த மண்ணில் ஒரு மணியை இடுகிறான். பெருமரம் நின்ற இடத்தில் அந்த விதையை ஊன்றுகிறான். நீட்டிய பதிப்பில் அவனுக்குக் கிடைப்பது ஒரு கயிறு. ஊர் அழியாத கதையில் மண்ணுக்கு வேலை இல்லையே! படமெடுத்தவர்கள் அந்த விடயத்தில் நேர்மையாகவே நடந்திருக்கிறார்கள். ஒரு வேலையை நீக்கியவர்கள் அதற்கான கருவியையும் நீக்கிவிட்டார்கள்.

மீள்குடியேறியவுடன் முதலில் என்ன நட்டீர்கள் என்று அன்று தாய்மாரிடம் கேட்டேன். மூன்று பேர் முருங்கை என்றார்கள். கொப்பை முறித்து ஊன்றினால் போதும், விரைவில் காய்க்கும் என்பது அவர்கள் சொன்ன காரணம்.

அப்படியானால் இந்தக் கதை போரைப் பற்றிய உருவகமா?

டோல்கீன் அப்படிச் சொல்லப்படுவதை விரும்பவில்லை. முதலாம் உலகப் போரில், 1916இல் சொம் போர்க்களத்தில் நின்றவர் அவர். 1918 வந்தபோது நெருங்கிய நண்பர்களில் ஒருவரைத் தவிர மற்றவர்கள் இறந்துவிட்டார்கள் என்று நூலின் இரண்டாம் பதிப்பு முன்னுரையில் எழுதியிருக்கிறார். அதே முன்னுரையில், ஊர் திரும்பும் அத்தியாயம் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய இங்கிலாந்தைக் குறிக்கிறது என்பதையும் மறுக்கிறார். இன்னதுக்கு இன்னது என்று ஆசிரியர் கட்டிவைக்கும் உருவகம் தமக்குப் பிடிக்காது என்றும், வாசகர் தம் வாழ்வோடு பொருத்திப் பார்க்கும் சுதந்திரமே பிடிக்கும் என்றும் அவர் பிரித்துச் சொல்கிறார். ஆகவே சூனிய அரசன் இன்னார், ஷயர் இன்ன ஊர் என்று நாங்கள் அட்டவணை போடுவதில்லை. பொருத்திப் பார்க்கும் உரிமையை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

படம் நூலைவிட நன்றாகச் செய்த இடம் ஒன்றாவது உண்டா?

உண்டு. இரண்டைச் சொல்கிறேன்.

போரோமிர் என்ற வீரன் மோதிரத்துக்கு ஆசைப்பட்டுத் தவறிழைத்து, பிறகு இரு சிறியவர்களைக் காக்கப் போரிட்டுச் சாகிறான். நூலில் அந்தச் சண்டையை நாம் காண்பதில்லை. இரண்டாம் பாகம் தொடங்கும்போது அரகோர்ன் ஓடிவந்து, அம்புகள் தைத்து மரத்தில் சாய்ந்திருக்கும் அவனைக் காண்கிறார். சில வசனங்களோடு அவன் கண் மூடுகிறான். படம் இதை முதற்பாகத்தின் முடிவுக்கு இழுத்துவந்து, ஒவ்வொரு அம்பையும் எங்களுக்கு முன்னால் தைக்க வைக்கிறது. கூட்டம் பிரிவதோடு நின்றுபோகும் முதற்பாகத்துக்கு அதனால் ஒரு முடிவு கிடைக்கிறது. போரோமிருக்கும் தன் பிழையைக் கழுவ நேரம் கிடைக்கிறது.

மற்றையது மலையுச்சித் தீப்பந்தங்கள். நூலில் கந்தால்வ் என்னும் மந்திரவாதியும் நாலு ஹொபிற்றுகளில் ஒருவனான பிப்பினும் இராப்பொழுதில் குதிரையில் போகும்போது தூரத்தே தீக்கள் ஏற்கெனவே எரிவதைக் காண்கிறார்கள்; உதவி கேட்கிறார்கள் என்று ஒரு விளக்கம் வருகிறது, அவ்வளவுதான். படத்தில் பிப்பின் களவாக ஏறி முதல் தீயை மூட்டுகிறான். பிறகு ஒரு மலையிலிருந்து மறு மலைக்கு, பனிக்கு மேலாக, முகிலுக்கு மேலாகத் தீ தாவித் தாவிப் போகிறது. ஒரு வசனமும் இல்லை. தூரம் எவ்வளவு, உதவி எவ்வளவு தொலைவில் இருக்கிறது, ஒவ்வொரு உச்சியிலும் பெயர் தெரியாத காவலர் எத்தனை காலம் விறகோடு காத்திருந்தார்கள் என்பதையெல்லாம் அந்த இரண்டு நிமிடம் சொல்லிவிடுகிறது. நியூசிலாந்து மலைகளுக்கும் இதில் பங்குண்டு.

'நார்னியா' படத்தின் தொடக்கம் நூலில் இல்லையாமே?

சி. எஸ். லூயிஸ் 1950இல் வெளியிட்ட முதல் நார்னியா நூலில், போர்க்கால விமானத் தாக்குதல்கள் காரணமாக நாலு பிள்ளைகளும் லண்டனிலிருந்து நாட்டுப்புறத்துப் பேராசிரியர் ஒருவரின் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள் என்பது ஒரே வசனத்தில் முடிந்துவிடுகிறது. 1950இல் அதை வாசித்த ஆங்கிலேயப் பிள்ளைக்கு அதற்குமேல் ஒரு சொல்லும் தேவைப்பட்டிருக்காது. 2005இல் வந்த படம் அந்த ஒரு வசனத்தை முழுக் காட்சியாக விரிக்கிறது. இரவு, குண்டுவீச்சு விமானங்கள், வளவுக்குள் இருக்கும் பதுங்குகுழியை நோக்கி ஓடும் தாயும் பிள்ளைகளும், தகப்பனின் படத்தை எடுக்க வீட்டுக்குள் திரும்பி ஓடும் எட்மண்ட், அவனை இழுத்துவர ஓடும் தமையன்.

படமெடுத்தவர்கள் செய்தது சரியா என்று விவாதிக்கலாம் என்று நினைத்துக்கொண்டு அந்தப் படத்தை நான் போட்டேன். முதல் ஐந்து நிமிடத்தில் பின்வரிசையில் இருந்த தாய் ஒருவர் எழுந்து வெளியே போய்விட்டார். போய்ப் பார்த்தபோது கிணற்றடியில் நின்றவர், "அந்தப் பெடியன் படத்தை எடுக்கத் திரும்பி ஓடினான் பாருங்கோ, எங்கட வீட்டிலயும் அப்பிடித்தான்" என்று மட்டும் சொன்னார். முன்கூட்டியே சொல்லாமல் போட்டது என் பிழை. அதன்பின், வான்தாக்குதல் காட்சியுள்ள எந்தப் படத்தையும் முன்னறிவிப்பு இல்லாமல் போடுவதில்லை. தொடக்கத்தைத் தவிர்க்க விரும்புவோர் பத்து நிமிடம் பிந்தி வரலாம் என்று சொல்லிவிடுகிறோம்.

விவாதத்துக்கு வருவோம். அந்த விரிவு செய்யும் வேலை தெளிவானது. எட்மண்ட் பின்னர் இனிப்புக்கு ஆசைப்பட்டுத் தன் சகோதரங்களைக் காட்டிக்கொடுக்கிறான். நூலில் அவன் வெறுமனே கெட்ட குணம் உள்ள பையனாகத் தொடங்குகிறான். படத்தில் தகப்பனுக்காக ஏங்கி, தமையனிடம் ஏச்சு வாங்கிய பையனாகத் தொடங்குகிறான். மன்னிப்பதற்கு ஒரு காரணத்தைப் படம் முன்பே போட்டுவைக்கிறது. லூயிஸ் காரணம் கேட்காமலே மன்னிக்கிறார். எனக்கு லூயிஸ் வழி பிடிக்கும். மாணவர்களில் பலருக்குப் பட வழி பிடித்திருந்தது.

பொன்னியின் செல்வன் படத்தில் எங்கள் பக்கம் ஏன் இவ்வளவு குறைவாக வருகிறது?

இதைக் கேட்பவர்கள் நாவலின் இரண்டாம் பாகத்தை வாசித்தவர்கள். அங்கே மாதோட்டம் வருகிறது. இன்று மாந்தை என்றும் திருக்கேதீச்சரம் என்றும் நாங்கள் அறிகின்ற இடம்தான். அங்கிருந்து காட்டு வழியாகத் தெற்கே பயணம் நடக்கிறது. யானை இறவுத் துறை என்ற பெயரில் ஆனையிறவும் வருகிறது. நாள்தோறும் பேருந்தில் கடக்கிற இடத்தை ஒரு நாவலுக்குள் காணும்போது ஏற்படும் மகிழ்ச்சியைத் தஞ்சாவூர் வாசகருக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை. அவருக்கு அது அத்தியாயத்துக்கு அத்தியாயம் கிடைக்கிறது. எங்களுக்குக் கிடைப்பது கொஞ்சம்.

2022இலும் 2023இலும் மணிரத்னம் இரண்டாகப் பிரித்து வெளியிட்ட படங்கள் மொத்தம் ஐந்தரை மணித்தியாலம் அளவில் ஓடுகின்றன. ஈழப் பகுதி அதில் விரைந்து கடக்கிறது, படப்பிடிப்பும் தாய்லாந்து வரை போயிருக்கிறது. அந்தப் பச்சை எங்கள் பச்சை இல்லை என்று ஒரு மாணவி சொன்னாள். பாலையும் வீரையும் முதிரையும் நிற்கிற காட்டைப் பார்த்து வளர்ந்த கண் அப்படித்தான் சொல்லும்.

ஆனால் இதைவிட முக்கியமான இரண்டு மாற்றங்களைப் பேச வேண்டும். நாவல் ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில், அவசரமில்லாத ஒரு குதிரைக்காரனோடு தொடங்குகிறது. தண்ணீரும் சனமும் பாட்டும் நிறைந்த அந்த அத்தியாயம் நாடு எவ்வளவு செழிப்பானது, இழப்பதற்கு என்ன இருக்கிறது என்பதைச் சொல்கிறது. படம் ஆதித்த கரிகாலனின் போரோடு தொடங்குகிறது. ஏரிக்கரை செய்த வேலையைப் பின்னால் வரும் பொன்னி நதிப் பாட்டு எடுத்துக்கொள்கிறது. ஒரு அத்தியாயத்தின் வேலையை ஒரு பாட்டு முழுமையாகச் செய்துவிடுவது தமிழ்ப் படத்துக்கே உரிய வசதி.

மற்ற மாற்றத்தில் எனக்கு உடன்பாடில்லை. நாவலில், பூ விற்றுத் தேவாரம் பாடித் திரிந்த சேந்தன் அமுதனே செம்பியன் மாதேவியின் உண்மையான மகன் என்பது கடைசியில் தெரியவருகிறது. அருள்மொழிவர்மர் தம் தலைக்கு வந்த முடியை எடுத்து அவன் தலையில் வைக்கிறார். படத்தில் இந்தப் பிறப்பு மாற்றம் கிடையாது. மதுராந்தகரே முடிசூடுகிறார். முடி வேண்டாம் என்று இருந்தவனிடம் அது போவதற்கும், ஒரு காலத்தில் அதற்காகச் சதிகாரரோடு கூடியவரிடம் போவதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. படம் கதையை எளிதாக்கிவிட்டது. அருள்மொழியின் கொடையும் கொஞ்சம் அரசியல் சமரசமாகிவிட்டது. கல்கியின் ஐந்தாம் பாகத்துக்குத் தியாக சிகரம் என்று பெயர். மணிமேகலை என்ற பாத்திரம் இல்லாமற்போனதையும் பலர் குறையாகச் சொல்வதுண்டு. கடைசிப் பாகத்தின் கண்ணீரில் பாதி அவளுடையது.

மூலத்தை மாற்றுவதே அவமரியாதை அல்லவா?

முள்ளியவளையிலோ வற்றாப்பளையிலோ பிறந்த ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வரும். சிலப்பதிகாரத்தில் கண்ணகி புகார் நகரத்து வணிகன் மாநாய்கனின் மகள். ஈழத்தில் பாடப்படும் கண்ணகி வழக்குரையில் அவள் மாங்கனியிலிருந்து பிறக்கிறாள். இளங்கோ அவளைச் சேரநாட்டு மலைக்கு அனுப்பி அங்கிருந்து வானுலகு ஏற்றுகிறார். எங்கள் பெரியவர்களோ அவளை மதுரையிலிருந்து கடல் தாண்டிக் கூட்டிவந்து, வழியில் தங்கிய பத்தாவது இடமே பத்தாம்பளை, அதுவே வற்றாப்பளை ஆயிற்று என்று சொல்லிவைத்தார்கள். ஒவ்வொரு வைகாசியிலும் முல்லைத்தீவுக் கடல்நீரில் விளக்கெரிப்பது அந்தக் கதையின் பலத்தில்தான். கோவலன் கூத்தை விடியவிடிய ஆடும் அண்ணாவிமாரிடம் போய், இளங்கோவில் இப்படி இல்லையே என்று யாரும் வழக்காடியதை நான் கண்டதில்லை.

ஒரு கதை ஓரிடத்துக்கு வந்து இறங்க வேண்டுமானால் அதற்கு ஒரு துறை வெட்டத்தான் வேண்டும். ஆனால் கூத்து மாறுவதற்கும் படம் மாறுவதற்கும் இடையே ஒரு வேறுபாடு இருக்கிறது என்பதைத் தபாற்கார ஐயா ஒருமுறை எடுத்துச் சொன்னார். கூத்தை ஊருக்காக ஊர் மாற்றியது. பிடிக்காவிட்டால் அடுத்த வருடம் திருத்தும். படத்தை ஒரே தடவை, உலகம் முழுவதற்குமாக, போட்ட பணத்தை எடுக்க வேண்டும் என்ற நெருக்குதலோடு மாற்றுகிறார்கள்; அடுத்த வருடம் திருத்த முடியாது. அது சரியான பேச்சு.

சிறிய நூலை நீண்ட படமாக்கினால் எல்லாவற்றையும் காட்டிவிடலாம் அல்லவா?

டோல்கீனின் 'ஹொபிற்' 1937இல் வந்த, பத்தொன்பது அத்தியாயம் கொண்ட சிறுவர் நூல். அதை 2012 முதல் 2014 வரை மூன்று படங்களாக்கினார்கள். நூலில் இறுதிப் போரின் உச்சத்தில் நாயகன் பில்போவின் தலையில் கல் விழுந்து அவன் மயங்கிவிடுகிறான். முடிவைப் பிறர் சொல்லித்தான் அறிகிறான். போர் ஒரு சிறிய மனிதனுக்கு எப்படித் தெரியும் என்பதற்கு அதைவிடப் பொருத்தமான வழி இல்லை. மூன்றாம் படம் அந்தப் போரைப் பெரும்பகுதி நேரம் காட்டிக்கொண்டேயிருக்கிறது. நேரம் கூடினால் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ணுகிறவர்கள் அதைப் பொறுமையோடு பார்க்கட்டும்.

தொலைக்காட்சித் தொடர்களுக்கு அந்தச் சிக்கல் இல்லையே?

வேறு சிக்கல் வரும். 'கேம் ஒஃப் த்ரோன்ஸ்' 2011 முதல் 2019 வரை எட்டுப் பருவங்களாக ஓடியது. மூல நூல்வரிசையின் ஐந்தாம் பாகம் 2011இல் வந்தது, தொடர் முடியும்வரை ஆறாம் பாகம் வரவில்லை. நூலைத் தாண்டி ஓடிய தொடர் தன் முடிவைத் தானே எழுத வேண்டியதாயிற்று. எங்கள் வட்டத்தில் பிள்ளைகள் இருப்பதால் அதை நாங்கள் போடுவதில்லை.

பரீட்சைக்கோ ஒப்படைக்கோ ஒப்பிட்டு எழுதச் சொன்னால் எப்படி எழுதுவது?

முழு நூலையும் முழுப் படத்தையும் ஒப்பிடத் தொடங்காதீர்கள்; மூன்றாம் பந்தியில் மூச்சு வாங்கும். ஒரு காட்சியை எடுங்கள். நூலில் அது எத்தனை பக்கம், யாருடைய கண்ணால் சொல்லப்படுகிறது என்று குறியுங்கள். பிறகு அதே காட்சியைக் கைத்தொலைபேசியில் இரண்டு முறை பாருங்கள். இரண்டாம் முறை சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள். சத்தம் இல்லாமலும் விளங்குவது படத்தின் பங்கு. விளங்காமற்போவதை வசனமும் இசையும் தாங்கியிருக்கின்றன.

ஒரு மாணவி 'ஹரி பொட்டர்' வரிசையின் மூன்றாம் படத்தை எடுத்து எழுதினாள். நூலில், அந்த மந்திர வரைபடத்தை வரைந்த நால்வரில் ஒருவர் ஹரியின் தகப்பன் என்பதும், அவர் மானாக உருமாறக்கூடியவர் என்பதும் சொல்லப்படுகின்றன; அதனால்தான் ஹரியைக் காக்க வரும் ஒளி மானின் உருவில் வந்ததும் அவனுக்கு நெஞ்சு அடைக்கிறது. 2004இல் வந்த படம் மானைக் காட்டுகிறது; வரைபடத்தை வரைந்தவர்கள் யார் என்பதைச் சொல்லவில்லை. "மான் வந்தது, அப்பா வரவில்லை" என்று அவள் எழுதியிருந்தாள். அந்த ஒரு வரிக்காகவே நான் முழுப்புள்ளி போட்டேன்.

நூலாசிரியர் படத்தை வெறுத்தால் படம் மோசமென்று பொருளா?

இல்லை. மிகாயேல் எண்டே 1979இல் எழுதிய 'முடிவில்லாக் கதை' 1984இல் படமானபோது, அவர் அதை ஏற்காமல் வழக்கு வரை போனார். படம் நூலின் முற்பாதியை மட்டுமே சொல்கிறது. பிற்பாதியில்தான் நூல் தன் நாயகனைக் கண்டிக்கத் தொடங்குகிறது. எண்டேயின் கோபத்துக்குக் காரணம் இருந்தது. எங்கள் பிள்ளைகள் அந்தப் படத்தை மூன்று முறை கேட்டுப் பார்த்ததற்கும் காரணம் இருந்தது.

எங்கள் ஊரிலும் இப்படி ஒரு வட்டம் தொடங்க விரும்புகிறோம். எந்த நூலோடு தொடங்கலாம்?

பொன்னியின் செல்வனின் இரண்டாம் பாகத்தோடு தொடங்குங்கள். கல்கியின் எழுத்து நாட்டுடைமையாக்கப்பட்டது. மதுரைத் திட்டத்தின் தளத்தில் ஐந்து பாகங்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. முதற்பாகத்தின் கதையை ஒருவர் அரை மணித்தியாலத்தில் சொல்லிவிடலாம். மாதோட்டத்து அத்தியாயத்தை ஒருவர் சத்தமாக வாசிக்க மற்றவர்கள் கேட்கட்டும். சுவரில் வட மாகாண வரைபடம் ஒன்றை மாட்டிவைத்து, வரும் ஊர்ப்பெயர்களைப் பென்சிலால் குறிக்கச் சொல்லுங்கள். சின்னப் பிள்ளைகளும் அந்த வேலைக்குப் போட்டி போடுவார்கள்.

படத்தை இரண்டாகப் பிரித்துப் போடுங்கள். இடைவேளையில் தேநீர் கொடுங்கள், பேச்சு தானாகத் தொடங்கும். திரைக்கு வெள்ளைப் படுக்கைவிரிப்புப் போதும், ஆனால் கீழ்ப்பக்கம் இரண்டு செங்கல் கட்டி விடுங்கள்; சோளகக் காற்றுக் காலத்தில் அருள்மொழிவர்மர் யானையோடு சேர்ந்து ஆடத் தொடங்கிவிடுவார்.